குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயல்கிறதா?

2024 டிசம்பரில் கூகுள் ‘வில்லோ’ என்ற குவாண்டம் சிப்பை அறிவித்தபோது ஒரு எண் செய்திகளில் பெரிதாக அடிபட்டது. இன்றைய வேகமான சூப்பர் கம்ப்யூட்டர்களுக்கு 10-இன் 25ஆம் அடுக்கு ஆண்டுகள் பிடிக்கும் ஒரு கணக்கை வில்லோ ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டது என்றார்கள். 1 போட்டு 25 பூஜ்யம். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். அப்புறம் ஐ.நா. 2025-ஐக் குவாண்டம் அறிவியல் ஆண்டாகக் கொண்டாடியது. அந்த ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு, குவாண்டம் சிப்புகளுக்கு அடித்தளம் போட்ட மூவருக்குப் போனது. பக்கத்தில் ஆந்திராவின் அமராவதிக்கு ஒரு குவாண்டம் கணினி வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. கூடவே வங்கிக் கணக்குகளின் பூட்டெல்லாம் உடைந்துவிடும் என்ற பயமும் பரவியது.

இவை எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் விளக்கம் ஒன்றுதான். சாதாரண பிட் 0 அல்லது 1. க்யூபிட் ஒரே நேரத்தில் இரண்டும். அதனால் குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கிறது. இந்த விளக்கத்தின் கடைசிப் பகுதி தவறு. அதை நம்பினால், இந்தக் கருவி எதற்கு உதவும், எதற்கு உதவாது, எதை நினைத்துக் கவலைப்பட வேண்டும் என்பதெல்லாமே தப்பாகப் புரியும். அடியிலிருந்து பார்ப்போம்.

பிட்டும் க்யூபிட்டும்

சாதாரணக் கணினியில் எல்லாமே பிட்தான். சிப்பில் ஓரிடத்தில் மின்னழுத்தம் கூடுதலாக இருந்தால் 1, குறைவாக இருந்தால் 0. க்யூபிட்டும் படித்துப் பார்க்கும்போது 0 அல்லது 1 என்றுதான் பதில் சொல்லும். நடுவில் எதுவும் கிடைக்காது. வித்தியாசம், படிப்பதற்கு முன்னால் இருக்கிறது.

படிக்கும் வரை ஒரு க்யூபிட்டின் நிலையை இரண்டு எண்களால் எழுதுகிறோம். 0-க்கு ஒரு வீச்சு, 1-க்கு ஒரு வீச்சு. இரண்டும் சேர்ந்திருக்கும் இந்த நிலைக்கு மேற்பொருந்துதல் என்று பெயர். வீச்சை அதே எண்ணால் பெருக்கினால் அந்த விடை கிடைப்பதற்கான நிகழ்தகவு வரும். உதாரணமாக 0-க்கு 0.6, 1-க்கு 0.8 என்று இருந்தால், படிக்கும்போது 0 கிடைக்க 36 சதவீத வாய்ப்பு, 1 கிடைக்க 64 சதவீத வாய்ப்பு.

நிகழ்தகவு ஒருபோதும் மைனஸில் வராது. வீச்சு வரும். குவாண்டம் கணினியின் சக்தி முழுவதும் அந்த மைனஸ் குறியில்தான் இருக்கிறது. கறாராகச் சொன்னால் வீச்சுகள் கலப்பெண்கள். ஆனால் அடிப்படையைப் புரிந்துகொள்ள பிளஸ், மைனஸ் போதும்.

ஒன்றையொன்று அழிக்கும் பாதைகள்

ஒரு நாணயத்தைச் சுண்டினால் தலை பாதி, பூ பாதி. மறுபடி சுண்டினாலும் அதேதான். எத்தனை முறை சுண்டினாலும் நிச்சயமின்மை குறையாது. க்யூபிட்டில் இதற்கு ஈடாக ஹடமார்ட் கேட் என்று ஒரு செயல் உண்டு. 0 நிலையில் உள்ள க்யூபிட்டில் அதை ஒருமுறை செலுத்திப் படித்தால் பாதி நேரம் 0, பாதி நேரம் 1. ஆனால் நடுவில் படிக்காமல் இரண்டு முறை செலுத்திவிட்டுப் படித்தால், ஒவ்வொரு தடவையும் 0 மட்டுமே வரும். சுண்டிய நாணயத்தை மறுபடி சுண்டினால் கட்டாயம் தலை விழுகிறது என்பது போன்ற அதிசயம் இது. காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

1. ஹடமார்ட் கேட் 0-ஐ எடுத்து, 0-க்கு +0.707, 1-க்கு +0.707 என்ற வீச்சுகளைத் தருகிறது.
2. அதே கேட் 1-ஐ எடுத்தால், 0-க்கு +0.707, 1-க்கு −0.707 தருகிறது. இந்த ஒரு மைனஸைக் கவனியுங்கள்.
3. இரண்டு முறை செலுத்தினால் கடைசியில் 0-க்கு வந்து சேர இரண்டு பாதைகள். 0, 0, 0 என்று ஒன்று. 0, 1, 0 என்று இன்னொன்று. ஒவ்வொன்றின் வீச்சும் +0.5. கூட்டினால் 1.
4. கடைசியில் 1-க்கு வரவும் இரண்டு பாதைகள். 0, 0, 1 வழியாக வந்தால் +0.5. 0, 1, 1 வழியாக வந்தால் −0.5. கூட்டினால் பூஜ்யம்.

1 என்ற விடைக்குப் போகும் பாதைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. 0-க்குப் போகும் பாதைகள் கூடிக்கொண்டன. இதற்குக் குறுக்கீடு என்று பெயர். பள்ளிக்கூட இயற்பியலில் யங் இரட்டைப் பிளவுச் சோதனையில் வெளிச்சப் பட்டையும் இருட்டுப் பட்டையும் மாறி மாறி வருமே, அதே குறுக்கீடுதான்.

ஆக, குவாண்டம் கணினி செய்யும் வேலை இதுதான்: தவறான விடைகளுக்குப் போகும் பாதைகள் ஒன்றையொன்று அழிக்கும்படியும், சரியான விடைக்குப் போகும் பாதைகள் கூடும்படியும் கேட்களை வரிசைப்படுத்துவது. விடையே தெரியாதபோது எந்தப் பாதை அழிய வேண்டும் என்று எப்படித் தெரியும்? கேள்விக்குள் ஏதாவது ஓர் ஒழுங்கு ஒளிந்திருந்தால்தான் முடியும். ஒழுங்கே இல்லாத கேள்விக்குக் குவாண்டம் கணினியால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதல் கேட்டுக்கும் இரண்டாவது கேட்டுக்கும் நடுவில் யாராவது க்யூபிட்டைப் படித்துவிட்டால் குறுக்கீடு போய்விடும். விடை மறுபடி பாதிப் பாதி ஆகிவிடும். படிப்பது மனிதராக இருக்க வேண்டியதில்லை. வழிதவறி வந்த கொஞ்சம் வெப்பம் போதும்.

க்யூபிட் கூடும்போது

இரண்டு க்யூபிட்டுக்கு 00, 01, 10, 11 என நான்கு வீச்சுகள். மூன்றுக்கு எட்டு. 30 க்யூபிட்டின் நிலையைச் சாதாரணக் கணினியில் எழுதி வைக்க 107 கோடி எண்கள் வேண்டும். ஓர் எண்ணுக்கு 16 பைட் என்றால் சுமார் 17 ஜிபி. கொஞ்சம் நல்ல லேப்டாப்பில் அடங்கிவிடும். 50 க்யூபிட்டுக்கு அதுவே 18,000 டெராபைட் ஆகிறது. 300 க்யூபிட் என்றால் நாம் பார்க்க முடிகிற பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையைவிட அதிகமான வீச்சுகள்.

ஒவ்வொரு க்யூபிட்டும் தனித்தனியாக இருந்தால் இவ்வளவு தேவைப்படாது. ஆளுக்கு இரண்டு எண் வீதம் 50 க்யூபிட்டுக்கு 100 எண் போதும். எண்ணிக்கை வெடிப்பதற்குக் காரணம் குவாண்டம் பிணைப்பு. உதாரணமாக இரண்டு க்யூபிட்டுகளை 00-க்கு 0.707, 11-க்கு 0.707, மற்ற இரண்டுக்கும் பூஜ்யம் என்ற நிலைக்குக் கொண்டுவரலாம். இதில் எந்த க்யூபிட்டுக்கும் தனியாக ஒரு நிலை சொல்ல முடியாது. ஒன்றைப் படித்து 0 வந்தால் மற்றதும் 0. 1 வந்தால் மற்றதும் 1. இதை வைத்து ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடியாது, ஏனென்றால் எது வரும் என்பதை யாராலும் முன்கூட்டித் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் பிணைப்பு உண்மை. அதைச் சோதனைகளால் நிறுவிய அலென் ஆஸ்பே, ஜான் கிளாசர், ஆண்டன் சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இவ்வளவு எண்கள் உள்ளே இருக்கின்றனவே, எல்லா விடைகளையும் ஏன் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது? ஏனென்றால் 50 க்யூபிட்டைப் படித்தால் கையில் வருவது 50 பிட் மட்டுமே. மீதி எல்லாம் அந்தக் கணத்தில் போய்விடும். ஒரு பாஸ்வேர்டுக்கு வாய்ப்புள்ள எல்லாச் சாவிகளையும் மேற்பொருந்துதலில் வைத்துப் படித்தால், ஏதோ ஒரு சாவி குருட்டாம்போக்கில் வரும். அதற்குக் குவாண்டம் கணினி வேண்டாம். படிப்பதற்கு முன்னால் குறுக்கீட்டை வைத்து வேலையை முடித்திருக்க வேண்டும்.

15-ஐக் காரணிகளாகப் பிரிப்போம்

இயற்கை குவாண்டம் விதிப்படி நடப்பதால் அதைக் கணிக்கும் இயந்திரமும் அதே விதிப்படி இயங்கட்டும் என்று இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1981-இல் ஓர் உரையில் சொன்னார். 1985-இல் டேவிட் டாய்ச் பொதுப்பயன் குவாண்டம் கணினிக்குக் கணித வடிவம் கொடுத்தார். அப்போதும் இது ஒரு சிறு வட்டத்தின் ஆர்வமாகவே இருந்தது. 1994-இல் பெல் ஆய்வகத்தில் இருந்த பீட்டர் ஷோர் ஓர் அல்காரிதத்தை வெளியிட்ட பிறகு அரசாங்கங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தன. அது பெரிய எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் முறை.

இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். பெருக்கி வந்ததை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கேட்டால் பெரும்பாடு. 1977-இல் பிறந்த ஆர்எஸ்ஏ மறையாக்கம் (தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் முறை) அந்தப் பெரும்பாட்டின் மேல்தான் நிற்கிறது. இன்று பயன்படும் 2048 பிட் ஆர்எஸ்ஏ எண்ணுக்கு 617 இலக்கங்கள். சாதாரணக் கணினிகள் 2020-இல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தன. ஒரே ஒரு சிபியு கோர் மட்டும் அதைச் செய்திருந்தால் சுமார் 2,700 ஆண்டு ஆகியிருக்கும்.

ஷோரின் முறையைச் சின்ன எண்ணான 15-ஐ வைத்து நடத்திக் காட்டலாம். விடை 3, 5 என்று நமக்குத் தெரியும். இயந்திரம் அதை எப்படி எட்டுகிறது என்பதுதான் விஷயம்.

1. ஏதாவது ஓர் எண்ணை எடுப்போம், 7 என்று வையுங்கள். 7-இன் அடுக்குகளை 15-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுவோம். 0ஆம் அடுக்குக்கு 1, முதல் அடுக்குக்கு 7, இரண்டாம் அடுக்கு 49-க்கு 4, மூன்றாவதுக்கு 13, நான்காவதுக்கு மறுபடி 1. பிறகு 7, 4, 13, 1 என்று திரும்பத் திரும்ப வரும். சுழற்சியின் நீளம் 4.

2. சுழற்சி தெரிந்தால் காரணி கிடைத்துவிடும். நாலில் பாதி 2. 7-இன் 2ஆம் அடுக்கு 49. அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் 48, 50. 48-க்கும் 15-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 3. 50-க்கும் 15-க்கும் 5. முடிந்தது. இந்தப் பகுதி சாதாரணக் கணினியே கண்சிமிட்டும் நேரத்தில் செய்துவிடும்.

3. கஷ்டம் முழுவதும் சுழற்சியின் நீளத்தைக் கண்டுபிடிப்பதில்தான். 617 இலக்க எண்ணுக்கு அந்தச் சுழற்சி, எழுதிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு நீளம். குவாண்டம் கணினி நுழைவது இங்கே மட்டுமே.

4. நான்கு க்யூபிட்டுகளை 0 முதல் 15 வரை எல்லா அடுக்குகளின் மேற்பொருந்துதலில் வைக்கிறோம். ஒவ்வொரு அடுக்குக்கும் உரிய மீதியை இன்னொரு க்யூபிட் தொகுதியில் கணக்கிடுகிறோம். இரண்டு தொகுதிகளும் பிணைந்துவிடுகின்றன.

5. மீதித் தொகுதியைப் படித்து 7 வந்தது என்று வையுங்கள். உடனே முதல் தொகுதியில் மீதி 7 தரும் அடுக்குகள் மட்டும் மிஞ்சும்: 1, 5, 9, 13. நாலு நாலாக இடைவெளி விட்டு நிற்கின்றன. விடை கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாது. இப்போதே படித்தால் அந்த நான்கில் ஒன்று, சும்மா 9 என்று வரும். 9-ஐ வைத்து எதுவும் தெரியாது. அடுத்த முறை ஓட்டினால் மீதி வேறு, அடுக்கு வேறு.

6. அதனால் படிப்பதற்கு முன் ஃபூரியர் உருமாற்றம் என்ற கேட் வரிசையைச் செலுத்துகிறோம். இப்போது ஒவ்வொரு புதிய விடைக்கும் அந்த நான்கு அடுக்குகளில் இருந்தும் ஒரு பாதை வருகிறது. 2 என்ற விடைக்கு வரும் நான்கு பாதைகளின் குறிகள் பிளஸ், மைனஸ், பிளஸ், மைனஸ், கூட்டினால் பூஜ்யம். 4 என்ற விடைக்கு வருபவை நான்கும் ஒரே திசை, கூடி நிற்கின்றன. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் 0, 4, 8, 12 தவிர மற்ற பன்னிரண்டு விடைகளும் அழிந்துபோகின்றன.

7. இப்போது படிக்கிறோம். 4 வந்தால் 4-இன் கீழ் 16, அதாவது நான்கில் ஒரு பங்கு. பின்னத்தின் கீழ் எண் 4, சுழற்சி 4. 12 வந்தாலும் அப்படியே. 8 வந்தால் அரைப் பங்கு, அது 2 என்று சொல்லும்; சரிபார்த்தால் பொருந்தாது. 0 வந்தால் ஒன்றும் தெரியாது. அப்படியானால் மறுபடி ஓட்ட வேண்டும். சில தடவைகளில் வந்துவிடும்.

இதில் எங்கேயும் 3-ஆல் வகுபடுமா, 5-ஆல் வகுபடுமா என்று எல்லாக் காரணிகளையும் முயன்று பார்க்கும் வேலை நடக்கவில்லை. சுழற்சி என்ற ஒழுங்கு இருந்தது, குறுக்கீடு அதை வெளியே இழுத்தது. ஷோரின் முறையை 15-க்கு ஐபிஎம் குழு 2001-இல் ஏழு க்யூபிட்டுகளை வைத்து உண்மையிலேயே செய்துகாட்டியது.

ஒழுங்கு இல்லாத தேடலுக்கு 1996-இல் லவ் குரோவர் ஒரு முறை கண்டுபிடித்தார். இவர் டெல்லி ஐஐடியில் படித்தவர், அப்போது பெல் ஆய்வகத்தில் இருந்தவர். பத்து லட்சம் இடங்களில் ஒன்றைத் தேட அவர் முறைக்கு ஏறத்தாழ ஆயிரம் படிகள் போதும். நல்ல லாபம்தான், ஆனால் ஷோர் முறையின் பாய்ச்சல் இதில் கிடையாது. குரோவர் முறையைவிட வேகமாக ஒழுங்கற்ற தேடலைக் குவாண்டம் கணினியாலும் செய்ய முடியாது என்பது நிரூபிக்கப்பட்டுவிட்டது.

சிப்புக்குள் என்ன இருக்கிறது?

கூகுள், ஐபிஎம் இரண்டும் பயன்படுத்துவது மீகடத்திச் சுற்றுகளை, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் சுற்றுகளை. இரண்டு அலுமினியப் படலங்களுக்கு நடுவே மிக மெல்லிய அலுமினிய ஆக்சைடு. மிகக் குளிரில் எலக்ட்ரான் இணைகள் அந்தத் தடையை ஊடுருவிப் போகும். இதற்கு ஜோசப்சன் சந்தி என்று பெயர். இப்படிப்பட்ட சுற்று, கண்ணால் பார்க்கும் அளவு பெரிதாக இருந்தும் ஓர் அணுவைப் போலக் குறிப்பிட்ட ஆற்றல் படிகளில் மட்டும் இருக்கிறது என்பதைத்தான் ஜான் கிளார்க், மிஷேல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவரும் 1984, 85-இல் பெர்க்லியில் காட்டினார்கள். 2025 நோபல் அதற்குத்தான். கீழ்ப்படி 0, அடுத்த படி 1. நுண்ணலைத் துடிப்பு ஒன்றைச் சரியான நேரம் செலுத்தினால் அதுவே கேட்.

குளிர் எதற்கு? இரண்டு படிகளுக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் மிகச் சின்னது. 5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையின் அளவு. வெப்பநிலையாகச் சொன்னால் கால் கெல்வின். அதைவிடச் சூடாக இருந்தால் வெப்பமே 0-ஐ 1 ஆக்கிவிடும். அதனால் சிப்பை 0.02 கெல்வினுக்கும் கீழே வைக்கிறார்கள். விண்வெளியே 2.7 கெல்வின். படங்களில் பொன்னிறச் சரவிளக்கு போலத் தொங்குகிறதே, அது குளிரூட்டி. கணினி அதன் அடியில் இருக்கும் சின்னச் சிப்தான்.

வேறு வழிகளும் உண்டு. மின்புலத்தில் பிடித்து வைத்த அயனிகளை லேசரால் இயக்குவது ஒன்று. கேட்கள் மெதுவானவை, ஆனால் பிழை குறைவு. லேசர் ஒளியில் பிடித்த நடுநிலை அணுக்கள் இன்னொன்று. ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்த முடிகிறது. ஃபோட்டான்களை வைத்தும் முயல்கிறார்கள். எது ஜெயிக்கும் என்று இப்போதே பந்தயம் கட்டுவது அவசரம்.

பிழைதான் முக்கியமான போராட்டம்

இன்றைய நல்ல குவாண்டம் சிப்களில் இரண்டு க்யூபிட் கேட் ஒன்று ஆயிரம் தடவையில் சில தடவை பிழை செய்கிறது. வில்லோவின் க்யூபிட்டுகள் நிலைத்திருக்கும் நேரம் 100 மைக்ரோவினாடியை நெருங்குகிறது. அதற்கு முன்னிருந்த சிப்பைவிட இது ஐந்து மடங்கு. ஆனால் 2048 பிட் ஆர்எஸ்ஏவை உடைக்கப் பல நூறு கோடி கேட் செயல்கள் வேண்டும்.

சாதாரணக் கணினியில் பிழையைத் தடுக்க நகல் எடுத்து ஒப்பிடலாம். குவாண்டம் நிலையை நகல் எடுக்கவே முடியாது என்பது 1982-இல் நிறுவப்பட்டது. படித்துப் பார்த்தால் நிலை கலைந்துவிடும். இதற்கும் ஷோரே 1995-இல் வழி சொன்னார்: ஒரு க்யூபிட்டின் தகவலை ஒன்பது க்யூபிட்டுகளின் பிணைப்பில் பரப்பி வைப்பது. பிறகு எந்த க்யூபிட்டின் மதிப்பையும் கேட்காமல், பக்கத்துப் பக்கத்து க்யூபிட்டுகள் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் கேட்பது. எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே பிழை. இப்படிப் பல க்யூபிட்டுகள் சேர்ந்து சுமக்கும் ஒன்றை லாஜிக்கல் க்யூபிட் என்கிறார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு க்யூபிட்டின் பிழையும் ஓர் எல்லைக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால், கூடுதல் க்யூபிட் சேர்ப்பது கூடுதல் பிழையைச் சேர்ப்பதுதான். வில்லோவின் 105 க்யூபிட்டுகளில் கூகுள் ஒரு லாஜிக்கல் க்யூபிட்டைச் சுமக்கும் கட்டத்தை 3×3, 5×5, 7×7 என்று பெரிதாக்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு படியிலும் பிழை பாதியாகக் குறைந்தது. பல ஆண்டுகளாகத் தாண்ட முடியாமல் இருந்த எல்லையை ஒரு மீகடத்திச் சிப் தெளிவாகத் தாண்டியது. என் பார்வையில் வில்லோவின் பெரிய செய்தி இதுதான். 25 பூஜ்யங்கள் அல்ல. அதே தரத்தில் போனால் பத்து லட்சத்தில் ஒரு பிழை என்ற அளவுக்கு ஒரே ஒரு லாஜிக்கல் க்யூபிட் செய்ய சுமார் 1,450 க்யூபிட் தேவைப்படும் என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது.

செய்தியில் வரும் எண்களை எப்படி எடைபோடுவது?

1. எந்தக் கணக்கு? வில்லோ ஐந்து நிமிடத்தில் செய்தது, தற்செயலாக அமைத்த கேட் வரிசையை ஓட்டி அதன் முடிவுகளை மாதிரி எடுப்பது. சாதாரணக் கணினிக்குக் கஷ்டமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த சோதனை. நடைமுறைப் பயன் கிடையாது. 2019-இல் கூகுளின் 53 க்யூபிட் ‘சிகமோர்’ 200 வினாடியில் செய்த இதே வகைக் கணக்குக்குச் சூப்பர் கம்ப்யூட்டர் 10,000 ஆண்டு எடுக்கும் என்றார்கள். இரண்டரை நாள் போதும் என்று ஐபிஎம் மறுத்தது. பின்னர் சீன ஆய்வாளர்கள் 512 ஜிபியுக்களை வைத்துச் சுமார் 15 மணிநேரத்தில் முடித்தார்கள். சாதாரணக் கணினிக்கான அல்காரிதங்களும் முன்னேறிக்கொண்டேதான் இருக்கின்றன.

2. எத்தனை க்யூபிட் என்பதைவிட எவ்வளவு பிழை? ஐபிஎம் 2023 டிசம்பரில் 1,121 க்யூபிட் ‘காண்டார்’ சிப்பையும், 133 க்யூபிட் ‘ஹெரான்’ சிப்பையும் ஒன்றாக அறிவித்தது. பிழை குறைந்த ஹெரானையே தன் கணினிகளுக்கு எடுத்துக்கொண்டது.

3. எந்த வகை இயந்திரம்? டி-வேவ் நிறுவனத்தின் ‘அட்வான்டேஜ்’ கருவிகளில் 5,000 க்யூபிட்டுக்கு மேல் உண்டு. ஆனால் அவை ஒருவகை உகப்பாக்கக் கணக்குகளுக்கானவை, அதாவது பல வழிகளில் சிறந்ததைத் தேடும் கணக்குகளுக்கு. ஷோர் முறையை அவற்றில் ஓட்ட முடியாது. இந்த 5,000-ஐயும் வில்லோவின் 105-ஐயும் ஒப்பிடக் கூடாது.

உருப்படியாக என்ன செய்யும்?

வாட்ஸ்அப், வீடியோ, எக்செல் எதுவும் வேகமாகாது. பெரிய தரவுக் குவியலைக் குவாண்டம் கணினிக்குள் ஏற்றுவதே மெதுவான வேலை என்பதால், தரவு அதிகமுள்ள கணக்குகளுக்கு அது தோதுப்படாது. ஃபைன்மன் முதலில் சொன்ன இடத்தில்தான் நம்பிக்கை அதிகம்: மூலக்கூறுகள்.

யூரியாவுக்கு வேண்டிய அம்மோனியாவை ஹேபர்-பாஷ் முறையில் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி, பெரும் அழுத்தத்தில் தயாரிக்கிறோம். உலகின் மொத்த ஆற்றலில் ஒன்றிரண்டு சதவீதம் இதற்கே போகிறது. உளுந்து, பாசிப்பயறு வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா அதே வேலையைச் சாதாரண மண் சூட்டில் செய்கிறது. அதன் நைட்ரஜனேஸ் நொதியின் நடுவே ஏழு இரும்பு அணுக்களும் ஒரு மாலிப்டினம் அணுவும் சேர்ந்த ஒரு கொத்து. அதிலுள்ள எலக்ட்ரான்கள் அவ்வளவு பின்னிப் பிணைந்திருப்பதால் சாதாரணக் கணினியால் துல்லியமாகக் கணிக்க முடியவில்லை. 40 லட்சம் க்யூபிட் உள்ள குவாண்டம் கணினி இருந்தால் நாலு நாளுக்குள் முடிக்கலாம் என்று 2021-இல் ஒரு மதிப்பீடு வந்தது. இன்று நம்மிடம் இருப்பவற்றுக்கும் 40 லட்சத்துக்கும் உள்ள தூரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்தியாவின் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 க்யூபிட் வரை உள்ள கணினிகள் இலக்கு. கணினிக்கான மையம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில். குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில். அமராவதிக்கு அறிவிக்கப்பட்டது 156 க்யூபிட் ஹெரான் சிப் கொண்ட ஐபிஎம் இயந்திரம். மாணவர்களும் ஆய்வாளர்களும் கைபழக அது நல்ல வாய்ப்பு. அதை வைத்து மருந்து கண்டுபிடிப்பார்கள், மறையாக்கத்தை உடைப்பார்கள் என்று எதிர்பார்க்க அடிப்படை இல்லை.

எந்தப் பூட்டு உடையும், எப்போது?

ஷோர் முறைக்கு முன்னால் நிற்க முடியாதவை, பொதுச் சாவி மறையாக்கங்கள்: ஆர்எஸ்ஏ, நீள்வட்ட வளைவு முறை, டிஃபி-ஹெல்மன். இணையதள முகவரிக்கு முன்னால் வரும் பூட்டு, டிஜிட்டல் கையொப்பம், பிட்காயின் கையொப்பம் எல்லாம் இவற்றின் மேல் நிற்பவை. பூட்டவும் திறக்கவும் ஒரே சாவியைப் பயன்படுத்தும் ஏஇஎஸ் போன்ற முறைகளுக்குக் குரோவர் முறைதான் ஆபத்து. 256 பிட் சாவி வைத்தால் அதுவும் பயமில்லை. வங்கி சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டு நேரடியாக உடைந்துவிடும் என்று எழுதுவது சரியில்லை. உடையக்கூடியது, உங்கள் போனும் வங்கியும் ரகசியச் சாவியை ஒப்புக்கொள்ளும் அந்த முதல் பேச்சும், எதிரில் இருப்பது வங்கிதான் என்று உறுதிசெய்யும் கையொப்பமும்.

2048 பிட் ஆர்எஸ்ஏவை உடைக்க 2 கோடி க்யூபிட்டும் 8 மணிநேரமும் வேண்டும் என்பது 2019 மதிப்பீடு. அதை எழுதியவர்களில் ஒருவரான கூகுளின் கிரெய்க் கிட்னி, 2025 மே மாதம் அதைப் பத்து லட்சத்துக்கும் குறைவான க்யூபிட், ஒரு வாரத்துக்குள் என்று குறைத்தார். இடையில் மாறியது கருவியைவிட, கணக்குப் போடும் முறைதான். கவலை தரும் வேகம் இது.

அதைவிட அவசரமான விஷயம், இன்று கேபிள்களில் ஓடும் மறையாக்கிய தகவலை இப்போதே அள்ளிச் சேமித்து வைத்து, இயந்திரம் வந்த பிறகு திறக்கலாம் என்பது. கனடா அறிவியலாளர் மிக்கேல் மோஸ்கா இதற்கு ஓர் எளிய கணக்கு சொல்கிறார். தகவல் எத்தனை ஆண்டு ரகசியமாக இருக்க வேண்டும், புதிய மறையாக்கத்துக்கு மாற எத்தனை ஆண்டு ஆகும், இரண்டையும் கூட்டுங்கள். குவாண்டம் கணினி வர ஆகும் காலத்தைவிட அந்தக் கூட்டுத்தொகை பெரிது என்றால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. மருத்துவப் பதிவு 20 ஆண்டு ரகசியமாக இருக்க வேண்டும், மாற 7 ஆண்டு ஆகும் என்றால், 27 ஆண்டுக்குள் இயந்திரம் வந்தாலே ஆபத்துதான்.

மாற்று வழி தயாராக இருக்கிறது, அதற்குக் குவாண்டம் கருவி எதுவும் தேவையில்லை. ஷோர் முறை பிடிக்கக்கூடிய சுழற்சி இல்லாத கணக்குகளின் மேல் கட்டிய மறையாக்கங்கள் அவை. சாதாரணக் கணினியிலும் போனிலும் மென்பொருளாக ஓடும். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2016-இல் உலகம் முழுவதிலும் இருந்து முன்மொழிவுகளைக் கேட்டு, எட்டு ஆண்டு சோதித்து, 2024 ஆகஸ்டில் மூன்று தரங்களை வெளியிட்டது. அந்தச் சோதனை வீண்போகவில்லை. போட்டியில் வெகுதூரம் வந்த ‘சைக்’ என்ற முறையை 2022-இல் இரண்டு ஆய்வாளர்கள் சாதாரணக் கணினியின் ஒற்றைக் கோரில் ஒரு மணிநேரத்தில் உடைத்தார்கள். அதனால் பல இடங்களில் பழைய முறையையும் புதிய முறையையும் சேர்த்தே பூட்டுகிறார்கள். சிக்னலும் கூகுள் குரோமும் 2023-இலும், ஆப்பிளின் ஐமெசேஜ் 2024-இலும் மாறத் தொடங்கிவிட்டன; உங்கள் போனில் நீங்கள் அறியாமலே இது நடந்திருக்கும்.

மெதுவாக நடப்பது மற்ற இடங்களில்தான்: ஏடிஎம் இயந்திரங்கள், மின்வாரிய மீட்டர்கள், வரித் தாக்கலுக்கும் பத்திரங்களுக்கும் பயன்படும் கையொப்பச் சான்றிதழ்கள், பத்துப் பதினைந்து ஆண்டு மாற்றாமல் ஓடும் அலுவலக மென்பொருள்கள். முதல் வேலை, எந்த மென்பொருளில் எந்த மறையாக்கம் இருக்கிறது என்று பட்டியல் எடுப்பது. ஆர்எஸ்ஏ 2048-ஐ 2030-க்குப் பிறகு தவிர்க்கவும், 2035-க்குப் பிறகு அறவே நிறுத்தவும் நிஸ்ட் தன் வரைவில் நாள் குறித்திருக்கிறது.